பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?

பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, பரீட்சை எழுதிய களைப்பு இன்னும் தீராத என் பிள்ளைகளே!

இன்னும் கொஞ்ச நாளில் பிளஸ் டூ முடிவு வந்துவிடும். முடிவு வந்த மறுநாளே அரூர் கடைவீதியில் ஜெராக்ஸ் கடைகளின் முன்னால் கூட்டம் கூடும். ஒரு கையில் மார்க் ஷீட்டும் இன்னொரு கையில் ஆதார் அட்டையுமாக நீங்கள் நிற்பீர்கள். அந்தக் கூட்டத்துக்குள் போய் நிற்பதற்கு முன்னால் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்றுதான் இந்த மேடைக்கு வந்தேன். பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?

இந்தக் கேள்வியை நான் முதன்முதலாகக் கேட்டது 2019-ஆம் ஆண்டு, ஒரு ஜூலை மாதத்து ராத்திரியில். அரசுப் பள்ளியில் நான் கணக்கு நடத்திய பிள்ளை ஒருத்தி தன் அப்பாவோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா மோட்டார் காயில் கட்டுகிறவர். போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். இந்தப் பிள்ளை ஏழாம் வகுப்பிலிருந்தே அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றி எண்ணிக்கை சொல்லும். எலெக்ட்ரிக்கல் படிக்க வேண்டும் என்பது அவளுக்குப் பரீட்சை எழுதிய பிறகு வந்த ஆசை அன்று. கம்பி சுற்றிய கையில் ஊறிய ஆசை.

மஞ்சப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அலாட்மென்ட் வந்திருந்தது. முன்பின் பெயர் கேட்டிராத ஒரு தனியார் கல்லூரி, எங்கோ தொலைவில். பிரிவும் எலெக்ட்ரிக்கல் இல்லை.

"இந்தக் காலேஜை எத்தனாவதா போட்டே கண்ணு?"

"நான் போடலைங்க சார். அண்ணன்தான் போட்டாரு."

"எந்த அண்ணன்?"

"பிரவுசிங் சென்டர் அண்ணன் சார்."

"பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கு?"

"அவருகிட்டதான் சார்."

"ஓ.டி.பி. எந்த போனுக்கு வரும்?"

அவள் பதில் சொல்லவில்லை. அப்பாதான் சொன்னார்: "எல்லாம் அந்தத் தம்பிகிட்டதாங்க சார். எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. நல்ல பையன்னுதான் விட்டோம்."

அலாட்மென்டுக்குப் பதில் சொல்லும் கெடு மறுநாள் சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது. காலையில் மூவரும் கடைக்குப் போனோம். ஷட்டர் இறக்கியிருந்தது. கடைக்காரர் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். போன் அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. அவர் வந்து சேர்ந்தபோது மணி ஆறரை. அந்த ஒரு இடமும் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. எதிர்க்கடைத் திண்ணையில் அந்தத் தகப்பனார் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்த காட்சி என் கண்ணை விட்டு இன்றும் போகவில்லை.

அந்தப் பிள்ளை மார்க் வாங்கவில்லையா? வாங்கினாள். விண்ணப்பம் போடவில்லையா? போட்டாள். பணம் கட்டவில்லையா? கட்டினாள். எல்லாம் செய்தும் ஏன் போயிற்று? அவளுடைய விண்ணப்பம் அவள் கையில் இல்லை. அதனால் போயிற்று. இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். நம் மாநிலத்தில் பொறியியல் சேர்க்கைக்கு 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. 1997-இலிருந்து அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளர முறையில் கலந்தாய்வு நடத்தத் தொடங்கியது. கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்க வேண்டாம், ஒரே இடம், ஒரே ரேங்க் பட்டியல். நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் கட் ஆஃப் 300-க்குக் கணக்கிடப்பட்டது. தேர்வை நீக்கும் சட்டம் 2006-இல் நிறைவேறியது. 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மார்க் மட்டுமே கணக்கில் வந்தது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. கோச்சிங் போக வழியில்லாத நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய கதவு என்பதை வகுப்பறையில் நின்று பார்த்தவன் நான்.

அப்போதெல்லாம் கலந்தாய்வு என்றால் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குப் போக வேண்டும். 2009-இல் ஒரு மாணவனையும் அவன் அம்மாவையும் நானே அழைத்துப் போனேன். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசுப் பேருந்தில் மாணவனுக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் பாதிக் கட்டணம். இரவுப் பேருந்தில் ஏறி விடியலில் கோயம்பேட்டில் இறங்கி, அங்கேயே முகம் கழுவிக்கொண்டு கிண்டி வளாகத்துக்குப் போனோம். மரத்தடி எங்கும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். ஒருவர் கட்டுச்சோற்றைப் பிரிக்கிறார், ஒருவர் கல்லூரிப் பட்டியலில் பேனாவால் சுழித்துக்கொண்டிருக்கிறார். பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதி என்று ஓடுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் குறைகிறது. ஒன்று என்று இருந்தது சைபர் ஆகிறது. அந்தத் தாய் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அலைச்சல் பெரிய அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அலைச்சலில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. கடைசியில் அறைக்குள்ளே போய்க் கணினி முன் உட்கார்ந்து "எனக்கு இந்தக் கல்லூரி, இந்தப் பிரிவு" என்று சொன்னது அந்தப் பையன்தான். அவன் வாயால் சொன்னான், அவன் கண் முன்னால் பதிவாயிற்று.

பிறகு 2016-இல் விண்ணப்பம் இணையத்துக்கு வந்தது. 2018-இல் கலந்தாய்வே இணையத்துக்கு வந்துவிட்டது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. கிண்டிக்குப் போக வேண்டாம், பேருந்துச் செலவு இல்லை, அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போகாது. மிக நல்ல மாற்றம், நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் கிண்டியில் இருந்த அந்த நாற்காலி எங்கே போயிற்று? அந்த நாற்காலி நம் ஊருக்கு வந்திருக்கிறது. அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பிள்ளை உட்கார்ந்திருக்கிறதா, கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறாரா?

கடைக்காரர்களை நான் குறை சொல்ல வரவில்லை. இரவு பதினொரு மணிவரை கண் விழித்துப் பிள்ளைகளுக்கு ஏற்றிக் கொடுக்கிற நல்லவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் ஒரு நாளைக்கு நூறு விண்ணப்பம் போடுகிறவருக்கு உங்கள் விண்ணப்பம் நூறில் ஒன்று. உங்களுக்கு அது ஒன்றே ஒன்று.

ஆகவே பிள்ளைகளே, முதல் வேலையாக, கடைக்குப் போவதற்கு முன்பே வீட்டில் ஒரு போன் நம்பரை முடிவு செய்யுங்கள். அது அப்பாவுடையதாக இருக்கலாம், அம்மாவுடையதாக இருக்கலாம். வீட்டில் தங்குகிற போனாக இருக்க வேண்டும். லாரி ஓட்டும் மாமா நம்பர் வேண்டாம். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் அண்ணன் நம்பர் வேண்டாம். கல்லூரியில் சேர்ந்து முடிக்கும்வரை அந்த நம்பருக்கு ரீசார்ஜ் தீரக் கூடாது, சிம் மாறக் கூடாது. ஈ.மெயில் முகவரியை உங்கள் பெயரில் நீங்களே தொடங்குங்கள். கடைக்காரருடைய மெயிலில் உங்கள் எதிர்காலம் போய் உட்காரக் கூடாது. பாஸ்வேர்டை நோட்டில் எழுதி, நோட்டை பீரோவில் வையுங்கள். சித்தேரி மலையிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். வீட்டில் சிக்னல் இல்லாமல் மேட்டுக்கு ஏறித்தான் ஓ.டி.பி. பார்க்க வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓ.டி.பி. சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். ஆகவே போனோடு கீழே இறங்கி வந்துவிடுங்கள். எங்கே போவது? அரசு இதற்கென்றே சேவை மையங்கள் வைத்திருக்கிறது. மாநிலம் முழுவதும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. அங்கே கணினி உண்டு, சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்ற ஆள் உண்டு, உதவிக்குக் கட்டணம் கிடையாது. நம்மில் பலருக்கு இது தெரிவதே இல்லை.

இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. ரிசல்ட் வந்த வாரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உங்கள் வீட்டுக்கு வருவார். "அப்ளிகேஷன் நாங்களே இலவசமா போட்டுத் தர்றோம், லேப்டாப் குடுப்போம், பஸ் ஃப்ரீ" என்பார். "சர்டிபிகேட்டை மட்டும் குடுங்க, பத்திரமா வெச்சிருக்கோம்" என்பார். அசல் டி.சி.யும் மார்க் ஷீட்டும் போன பிறகு நீங்கள் அவர் சொல்லும் கல்லூரியைத் தவிர வேறு எங்கே போக முடியும்? சான்றிதழைத் திருப்பிக் கேட்கப் போய், மகள் வெளியே நிற்க, தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு ஓர் அலுவலக அறையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் அசல் சான்றிதழ் வீட்டுப் பத்திரம் மாதிரி. வீட்டுப் பத்திரத்தை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பீர்களா?

சரி, சான்றிதழ்களுக்கு வருவோம். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்குபவை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படிப்படியாக ஏறித்தான் வரும். பழங்குடியினர் சான்று என்றால் கோட்டாட்சியர் தர வேண்டும், விசாரணைக்கு நாள் பிடிக்கும். மே மாதத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் விண்ணப்பிக்கும்போது உங்கள் தாள் மேசைக்கு வர எத்தனை நாள் ஆகும்? இன்னும் எடுக்காதவர்கள் நாளைக்கே போய் விண்ணப்பியுங்கள். எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பிறப்பிடச் சான்று தேவையில்லை. அதற்காக யாரும் அலைய வேண்டாம். ஆனால் ஓசூர்ப் பக்கமிருந்து எல்லை தாண்டிப் பெங்களூரில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. அவர்களுக்கு அது வேண்டும்.

முதல் பட்டதாரி என்றால் என்ன? குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டதாரி ஆகியிருந்தால் தம்பி அதைக் கேட்க முடியாது. 2010-11 கல்வியாண்டில் தொடங்கிய சலுகை இது. கல்விக் கட்டணத்தில் பெரிய தொகை குறையும். சான்றோடு பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். தகுதி இருந்தும் விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தில் "ஆம்" என்று குறிக்காமல் விட்டவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். தெரியாமல் விட்டார்கள். தெரிந்தவர்கள் அருகில் இல்லை.

இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருங்கள். 2021-இல் ஒரு சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதி திராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி எல்லாம் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. பெற்றோர்களே, இதைக் காது கொடுத்துக் கேளுங்கள். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அரசே கட்டுகிறது. "பிரைவேட்டுன்னா நம்மால முடியாது சாமி" என்று நீங்களாகவே முடிவெடுத்து நல்ல கல்லூரியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் எந்தெந்தப் பள்ளியில் படித்தோம் என்பதை வருஷ வாரியாகச் சரியாக நிரப்புங்கள். நடுவில் ஒரு வருஷம் தப்பாகப் பதிந்தால்கூட இந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

மற்றக் கட்டங்கள் எளிதானவைதான். பெயர் மார்க் ஷீட்டில் உள்ளபடி இருக்கட்டும், இனிஷியலோடு. சாதிப் பிரிவு சான்றிதழில் உள்ளபடி. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று சான்று வைத்துக்கொண்டு பிற்படுத்தப்பட்டோர் என்று குறித்தவர்கள் உண்டு. பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் அது இடிக்கும். மாற்றுத்திறனாளி, விளையாட்டு வீரர், முன்னாள் படைவீரர் பிள்ளை என்றால் அதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். பதிவுக் கட்டணம் 500 ரூபாய். ஆதி திராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 250. அதற்கு மேல் யாராவது "ப்ராசஸிங்" என்று கேட்டால் ரசீது கேளுங்கள்.

பதிவு முடிந்த பிறகு ஆளுக்கொரு பத்து இலக்க எண் வரும். ரேண்டம் எண் என்பார்கள். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஜோசியம் பார்க்கவும் வேண்டாம். இரண்டு பேர் ஒரே கட் ஆஃப் எடுத்தால் முதலில் கணக்கு மார்க், பிறகு இயற்பியல் மார்க், அப்புறம் நான்காம் பாடம் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை என்பதும் அதில் உண்டு. எல்லாமே ஒன்றாக இருந்தால்தான் கடைசியாக அந்த எண் பேசும்.

இனி நான் சொல்லப் போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. இதை மட்டும் தூங்காமல் கேளுங்கள். சாய்ஸ் ஃபில்லிங்.

உங்கள் ரேங்குக்குரிய சுற்று வந்ததும், வேண்டிய கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசைப்படுத்திக் கொடுக்கச் சொல்வார்கள். கையில் இருப்பது சில நாட்கள்தான். நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள், அவற்றில் பல பிரிவுகள். எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். எந்த வரிசையில் கொடுப்பது? இங்கேதான் நம் பிள்ளைகள் தோற்கிறார்கள்.

உங்கள் அம்மா உங்களைப் பூ வாங்க அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன சொல்லி அனுப்புவார்? "மல்லி இருந்தா மல்லி வாங்கு. இல்லேன்னா முல்லை. அதுவும் இல்லேன்னா கனகாம்பரம்." நீங்கள் பூக்காரம்மாவிடம் அதே வரிசையில் கேட்கிறீர்கள். மல்லி தீர்ந்துவிட்டதா? அடுத்து முல்லை. முல்லை இருக்கிறது, வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். மல்லியை முதலில் கேட்டதால் ஏதாவது நஷ்டமா? ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் "மல்லி எங்க கிடைக்கப் போவுது" என்று நீங்களே நினைத்துக்கொண்டு முதலிலேயே கனகாம்பரம் கேட்டால்? கூடையில் மல்லி மணத்துக்கொண்டிருந்தாலும் பூக்காரம்மா கனகாம்பரத்தைத்தான் அளந்து கொடுப்பார். கேட்டது அதுதானே!

கணினி அந்தப் பூக்காரம்மா மாதிரி. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கும். எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் படிக்காது. ஆகவே கிடைக்குமா கிடைக்காதா என்ற யோசனையை வரிசையில் கலக்காதீர்கள். எது வேண்டுமோ அது முதலில். அதற்கடுத்து எது வேண்டுமோ அது அடுத்தது. கிண்டிப் பொறியியல் கல்லூரி வேண்டுமா? எழுது. சேலம் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியா? எழுது. பர்கூரா? நம் செட்டிக்கரையா? எழுது. நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றுவது கடைசியில் வரட்டும். அந்தக் கடைசிப் பகுதியை எழுதாமல் நிறுத்திவிடாதீர்கள். ஆறு கல்லூரி மட்டும் போட்டுவிட்டு ஒன்றும் கிடைக்காமல் நின்றவர்கள் உண்டு.

ஒரே பெயரில் இரண்டு கல்லூரி இருக்கும், ஊர் வேறாக இருக்கும். ஆகவே பெயரைப் பார்த்து நிற்காமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் எண் 1. ஒவ்வொரு கல்லூரிக்கும் அப்படி ஓர் எண் உண்டு. பிரிவுக்கும் குறியீடு உண்டு. அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றிலேயே ஒரு பிரிவு அரசு உதவியோடும் இன்னொன்று சுயநிதியாகவும் இருக்கும். இரண்டும் ஒரே கட்டடம், கட்டணம் வேறு. 2010-இலிருந்து சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியிலும் சொல்லித் தருகிறார்கள். அதை விரும்பி எடுப்பவர் எடுக்கலாம், தெரியாமல் எடுக்கக் கூடாது. போன ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்த வகுப்பினருக்கு எந்தக் கட் ஆஃபில் இடம் முடிந்தது என்பதை வெளியிட்டிருக்கிறார்கள். அதைப் பாருங்கள். எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று பாருங்கள். நேரில் போய் ஆய்வுக்கூடத்தைப் பாருங்கள். வாசலில் இருக்கும் வளைவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

அலாட்மென்ட் வந்துவிட்டது. முடிந்ததா? முடியவில்லை. இரண்டு நாள் தருவார்கள். அதற்குள் ஐந்தில் ஒன்றை நீங்கள் அழுத்த வேண்டும். கிடைத்ததே போதும், சேர்கிறேன் என்பது ஒன்று. இதை வைத்துக்கொள்கிறேன், என் பட்டியலில் மேலே இடம் காலியானால் அதைக் கொடுங்கள் என்பது இரண்டு. இது வேண்டாம், மேலே வந்தால் மட்டும் கொடுங்கள் என்பது மூன்று. இந்தச் சுற்றே வேண்டாம், அடுத்த சுற்றுக்கு வருகிறேன் என்பது நான்கு. விலகிக்கொள்கிறேன் என்பது ஐந்து. பெரும்பாலோருக்கு முதல் இரண்டில் ஒன்றுதான் நல்லது என்பது என் அனுபவம். இரண்டாவதை அழுத்தியவர்களுக்கு மேலே இடம் வராவிட்டாலும் கையில் இருப்பது போகாது. மூன்றாவதை அழுத்தினால் கையில் இருப்பதும் போய்விடும். ஆங்கிலத்தில் அவை இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அவசரத்தில் விரல் தவறினால் யார் பொறுப்பு? ஏதாவது ஒன்றை அழுத்தியே ஆக வேண்டும். அழுத்தாவிட்டால் அந்த இடம் உங்களுக்கு இல்லை. 2019-இல் எங்களுக்கு நடந்தது அதுதான்.

இங்கே பொறியியல் வேண்டாம் என்கிற பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களை மறக்கவில்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் 2020 முதல் இணையத்தில்தான் விண்ணப்பம். கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். ஆதி திராவிடர், பழங்குடியினருக்கு அந்த 2 ரூபாய் மட்டும். நம் அரூர் அரசுக் கல்லூரியும் அதில் இருக்கிறது. அந்த விண்ணப்பத்துக்கும் இதே போன், இதே நோட்டு, இதே கேள்வி. இரண்டுக்குமே போட்டு வையுங்கள். ஒன்றுக்குப் போட்டால் இன்னொன்றுக்குப் போடக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம், போன வருஷம் ஒரு பிள்ளை போடாமலே இருந்துவிட்டாள். அப்படி எந்த விதியும் இல்லை.

அந்த மோட்டார் காயில்காரர் வீட்டுப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்கிறீர்கள். அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்குச் சேர்ந்தாள். நன்றாகப் படித்தாள், நன்றாகவே இருக்கிறாள். ஆனால் கல்லூரி நாட்களில் அப்பாவின் பட்டறைப் பக்கம் அவள் உட்காரவே இல்லை என்று அவள் அம்மா என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அவளுக்கு ஒரு தம்பி. அவனும் அரசுப் பள்ளிதான். 2023-இல் அவன் முறை வந்தது. கடைக்குப் போகவில்லை. சேவை மையத்துக்குப் போய் அவனே பதிந்தான், சான்றிதழை அவனே ஏற்றினான். சாய்ஸ் ஃபில்லிங் அன்று சாயங்காலம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். நான் செய்ய அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. கோடு போட்ட ஒரு நோட்டில் நாற்பத்து மூன்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் கல்லூரி எண், பிரிவுக் குறியீடு, போன வருஷக் கட் ஆஃப், வீட்டிலிருந்து எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதுவரை எழுதியிருந்தது. எழுதியது அவன். சரிபார்த்துப் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டிருந்தது அக்கா.

பட்டறைத் திண்ணையில் பாதி சுற்றிய மோட்டார் ஒன்று கிடந்தது. அதற்குப் பக்கத்தில் பாய் போட்டு, யாரோ இரவல் கொடுத்த லேப்டாப்பை வைத்து, போனிலிருந்து நெட் எடுத்துக்கொண்டார்கள். அக்கா நோட்டைப் பார்த்து எண்ணைச் சொல்லச் சொல்ல, தம்பி தட்டினான். முன்பு அவள் அப்பாவுக்குச் சுற்று எண்ணிக்கை சொன்ன அதே குரல், அதே நிதானம். நாற்பத்து மூன்றும் முடிந்தது. மேலிருந்து கீழாக மறுபடி ஒரு தடவை படித்தாள். அவன் லாக் பண்ணப் போகும்போது அப்பா கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"இருடா. பாஸ்வேர்டு உன்கிட்டதான இருக்கு?"

"என்கிட்டதாம்பா."

"அப்பச் சரி, போடு."